இரவல் பற்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மூன்று வாரம் உட்கார்ந்து ஒட்டிய விமானத்தை இரண்டே நிமிடத்தில் கெடுத்துக்கொண்டேன்.

பிளாஸ்டிக் மாடல் விமானம். அசலில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு. மூக்கிலிருந்து வால் வரை இருபது சென்டிமீட்டர், அவ்வளவுதான். அமெரிக்கர்களின் பி-40, சீனாவுக்காகப் பறந்தது. இறக்கைகளை ஒட்டி, மூட்டுகளைத் தேய்த்து, பச்சையும் பழுப்புமாகப் பெயிண்ட் அடித்து முடித்தாயிற்று. மிச்சம் இருந்தது மூக்கில் சுறா வாய் மட்டும். பெட்டிக்குள் அதற்கான டெக்கால் இருந்தது. தண்ணீரில் ஊறவைத்து, காகிதத்திலிருந்து வழுக்கி இறக்கி ஒட்டவேண்டிய மெல்லிய படலம். மாடல் செய்கிறவர்களைக் கேட்டால் தெரியும், அந்த விமானத்தின் தாடை இரண்டு திசையிலும் வளைந்திருக்கும். தட்டையான படலம் அங்கே படியவே படியாது. நான் விரலால் கொஞ்சம் அழுத்தினேன். வாயின் ஓரம் கிழிந்து, நான்கு பற்கள் சுருண்டு என் விரலோடு வந்துவிட்டன.

வாட்ஸாப் குழுவில் படம் போட்டுப் புலம்பினேன். ஒரு பெரியவர் பதில் போட்டார்: "கவலைப்படாதீங்க தம்பி. அசல் விமானத்திலே ஸ்டிக்கரா ஒட்டினாங்க? கையாலதான் வரைஞ்சாங்க. நீங்களும் வரைங்க."

சரி, வரையலாம். ஆனால் வரைவதற்கு முன் அந்தப் பற்கள் அங்கே எப்படி வந்தன என்று பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். பிரஷ் எடுக்க ஒரு மாதம் ஆகிவிட்டது. ஏனென்றால் அந்த வாய் அமெரிக்கர்களுடையதே இல்லை. பிரிட்டிஷ்காரர்களிடமிருந்து இரவல் வாங்கியது. அவர்களும் அதை எதிரியிடமிருந்து எடுத்தவர்கள்.

விமானத்திலிருந்து தொடங்குகிறேன். அந்த மோவாய் இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை.

கர்ட்டிஸ் நிறுவனம் அமெரிக்காவின் பஃபலோ நகரத்துத் தொழிற்சாலையில் பி-36 என்று ஒரு போர் விமானம் செய்துகொண்டிருந்தது. காற்றில் குளிரும் வட்ட எஞ்சின், மொட்டை மூக்கு. வடிவமைப்பாளர் டொனோவன் பெர்லின் அதே உடம்பில் அலிசன் நிறுவனத்தின் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தினார். திரவத்தால் குளிரும் எஞ்சின் அது. 1938 அக்டோபரில் முதல் மாதிரி பறந்தது. குளிர்விக்க ரேடியேட்டர் வேண்டுமே. முதலில் அதை வயிற்றுக்கு அடியில், இறக்கைக்குப் பின்னால் வைத்தார்கள். பிறகு முன்னால் கொண்டுவந்து மூக்குக்குக் கீழே தொங்கவிட்டார்கள். அப்படித்தான் பி-40க்கு அந்தத் தொங்கு தாடை வந்தது. காற்று உள்ளே போக ஒரு பெரிய திறப்பு, அதற்குள் ரேடியேட்டர்களும் ஆயில் கூலரும். பார்க்கிறவர்களுக்கு வாயைத் திறந்தபடி நிற்கும் பிராணி மாதிரித்தான் இருக்கும். மொத்தம் 13,738 விமானங்கள் செய்தார்கள். ஒரே விமானத்துக்கு மூன்று பெயர்கள்: பிரிட்டிஷ்காரர்கள் முதலில் வந்தவற்றை டோமஹாக் என்றும் பிறகு வந்தவற்றை கிட்டிஹாக் என்றும் அழைத்தார்கள், அமெரிக்கர்களுக்கு அது வார்ஹாக்.

ஆனால் முதலில் பல் முளைத்தது இந்த விமானத்துக்கு இல்லை.

விமானத்துக்கு முகம் வரைவது முதல் உலகப்போர்க் காலத்துப் பழக்கம். ஜெர்மானியர்களிடம் ரோலண்ட் என்று ஒரு குண்டு விமானம் இருந்தது. குண்டு போடுகிற விமானம் என்று சொல்லவில்லை, உருவமே குண்டு. அதற்குத் திமிங்கிலம் என்றே பட்டப்பெயர். சிலவற்றில் கண்ணும் வாயும் வரைந்திருந்தார்கள். அதே போரில் இத்தாலிய விமானி ஃப்ரான்செஸ்கோ பராக்கா தன் விமானத்தில் பாயும் குதிரை ஒன்றை வரைந்துகொண்டார். அவர் 1918இல் இறந்த பிறகு, அந்தக் குதிரையை எடுத்துக்கொள்ளச் சொல்லி அவருடைய தாயார் ஒரு கார் பந்தய வீரருக்கு யோசனை சொன்னார். அந்த வீரர் என்ஸோ ஃபெராரி. இன்று ஃபெராரி கார்மீது நிற்கிற குதிரை செத்துப்போன ஒரு விமானியுடையது என்பது காரை ஓட்டுகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ.

1940. ஜெர்மன் விமானப்படையில் இரட்டை எஞ்சின் மெஸ்ஸர்ஷ்மிட் 110 விமானங்களை ஓட்டிய ஒரு பிரிவு, 76ஆம் படைப்பிரிவின் இரண்டாம் குழு, தன் விமானங்களின் மூக்கில் சுறா வாயை வரைந்துகொண்டது. பெயரும் சுறாக் குழு என்றே ஆனது. படத்தில் பார்த்தால் பயங்கரமாகத்தான் இருக்கிறது: மேலே துப்பாக்கிக் குழல்கள், கீழே பல்வரிசை. ஆனால் அந்த ஆண்டு இங்கிலாந்தின் வானத்தில் இந்த வகை விமானம் பட்ட பாடு பெரிய பாடு. பிரிட்டிஷாரின் ஸ்பிட்ஃபயரும் ஹரிக்கேனும் வந்தால் இவற்றால் வளைந்து தப்ப முடியவில்லை. ஒன்றின் வாலை இன்னொன்று காத்தபடி வட்டமடித்துச் சமாளித்தன. குண்டுவீச்சு விமானங்களுக்குத் துணையாக அனுப்பப்பட்ட விமானம் இது. கடைசியில் இதற்கே துணைக்கு வேறு விமானம் அனுப்ப வேண்டிவந்தது. பல் இருந்தது, கடிக்க முடியவில்லை.

அந்தச் சுறாக்கள் 1941இல் கிரேக்கத்துக்கும் கிரீட் தீவுக்கும் போயின. மே மாதம் ஒரு பகுதி ஈராக்குக்கே போனது. அங்கே பிரிட்டிஷாருக்கு எதிராக எழுந்த அரசுக்கு உதவியாக, ஈராக் விமானப்படையின் அடையாளத்தை உடம்பில் பூசிக்கொண்டு. அவற்றில் பிரிட்டிஷார் கையில் சிக்கிய ஒன்றை அவர்கள் பழுது பார்த்துத் தாங்களே பறக்கவிட்டார்கள். அதற்கு வைத்த பெயர் 'பெல் ஆஃப் பெர்லின்', பெர்லின் அழகி. எதிரியின் பொருள் கையில் கிடைத்தவுடன் அதற்கு ஒரு பெயர் வைத்துக் கிண்டல் செய்யத் தோன்றுகிறது பாருங்கள். விமானத்தின் மூக்கில் வரைகிற இந்த மூக்கு ஓவியத்தின் பாதி குணம் இந்தக் கிண்டல்தான்.

கிரேக்கத்திலும் கிரீட்டிலும் ஜெர்மானியர்களோடு மோதிய பிரிட்டிஷ் பிரிவுகளில் ஒன்று 112ஆம் ஸ்குவாட்ரன். பழைய இரட்டை இறக்கை கிளாடியேட்டர் விமானங்களோடு போரிட்டு, அடிபட்டு, எகிப்துக்குப் பின்வாங்கியவர்கள். அங்கேதான் அவர்களுக்குப் புது டோமஹாக் விமானங்கள் கிடைத்தன. தொங்கு தாடை, திறந்த வாய். எதிரியிடம் பார்த்த பற்களை அதில் வரைந்தார்கள். ஜெர்மன் விமானத்தில் ஒட்டவைத்த மாதிரி இருந்த வாய், இதில் பிறவியிலேயே இருந்ததுபோல் உட்கார்ந்துகொண்டது. காற்றுத் திறப்பே தொண்டை; சுற்றிலும் பல் வரைந்தால் வேலை முடிந்தது. 1941 முடிவதற்குள் அவர்கள் சுறா ஸ்குவாட்ரன் ஆகிவிட்டார்கள். கிட்டிஹாக், மஸ்டாங் என்று விமானம் மாறியபோதும் பல் மாறவில்லை. போர் முடிந்து ஜெட் விமானங்கள் வந்த பிறகும் அந்த வாய் அவர்களோடு போனது.

அந்த ஸ்குவாட்ரனின் பிரபலமான புகைப்படம் ஒன்று உண்டு. 1943, துனீசியாவில் மெடெனின் என்ற இடம். புதர்க்காட்டுக்குள் ஒரு கிட்டிஹாக் ஊர்ந்து வருகிறது. சுறா வாய் அகலத் திறந்திருக்கிறது. இறக்கையின் நுனிப்பக்கம் ஒரு மெக்கானிக் உட்கார்ந்து கைகாட்டுகிறார். வாலில் சின்னச் சக்கரம் உள்ள விமானம் தரையில் நிற்கும்போது மூக்கு வானம் பார்க்கும். விமானிக்கு முன்னால் எதுவும் தெரியாது. அதனால் ஒரு ஆள் இறக்கைமேல் உட்கார்ந்து, இடம் வலம் சொல்லிக் கூட்டிப்போக வேண்டும். பல்லைக் காட்டிக்கொண்டு வருகிற சுறாவுக்குக் கண் தெரியவில்லை, ஒருவர் கையைப் பிடித்து நடத்துகிறார். இந்தப் படத்தைத்தான் என் மேஜைமேல் ஒட்டிவைத்திருக்கிறேன்.

அப்புறம் பர்மா.

கிளேர் ஷெனால்ட் என்பவர் அமெரிக்க ராணுவ விமானப் பிரிவில் கேப்டனாக இருந்து 1937இல் ஓய்வு பெற்றவர். காது சரியாகக் கேட்காது. வெயிலிலும் காற்றிலும் காய்ந்து தோல் பை மாதிரி ஆன முகம். அதையே பட்டப்பெயராக வைத்தும் கூப்பிட்டார்கள். ஜப்பானோடு போரில் இருந்த சீனாவுக்கு ஆலோசகராகப் போனார். 1941இல் அமெரிக்கா இன்னும் போரில் இறங்கவில்லை. ஆனால் விமானிகளை ராணுவத்திலிருந்து விலகச் செய்து, தனியார் கம்பெனி ஒப்பந்தத்தில் சீனாவுக்கு அனுப்ப ரகசியமாக ஏற்பாடு நடந்தது. மாதம் 600 டாலரில் தொடங்கிய சம்பளம், ராணுவத்தில் அவர்கள் வாங்கியதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஒரு ஜப்பானிய விமானத்தை வீழ்த்தினால் 500 டாலர் தனி. பாஸ்போர்ட்டில் போர் விமானி என்று எழுத முடியாதே, அதனால் வேறு ஏதேதோ தொழில்களை எழுதிக்கொண்டு கப்பல் ஏறினார்கள். கூலிப்படையா தொண்டர்படையா என்று கேட்டால், எனக்கு இரண்டும்தான் என்று படுகிறது. பெயர் என்னவோ அமெரிக்கத் தொண்டர் குழு.

அவர்களுக்காக வந்த நூறு விமானங்களும் பிரிட்டனுக்கென்று செய்து சீனாவுக்குத் திருப்பிவிடப்பட்ட டோமஹாக்குகள். பெட்டிகளில் ரங்கூன் வந்து இறங்கி அங்கே கோக்கப்பட்டன. டவுங்கூ என்ற ஊரில், பிரிட்டிஷாரிடம் இரவல் வாங்கிய ஒரு விமானத்தளத்தில் பயிற்சி. மழை, பூச்சி, புழுக்கம். பயிற்சியின்போதே மூன்று விமானிகள் இறந்தார்கள்.

அங்கே யாரோ ஒரு பத்திரிகையைப் புரட்டினார்கள். 112ஆம் ஸ்குவாட்ரனின் டோமஹாக் படம் அதில் வந்திருந்தது. அது 'இல்லஸ்ட்ரேட்டட் வீக்லி ஆஃப் இந்தியா' என்று பல நூல்கள் சொல்கின்றன. ஆமாம், 1993இல் மூடும்வரை நம் ஊர் வாசகசாலைகளிலெல்லாம் கிடந்த அதே வீக்லிதான். படிக்கும்போது எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். படத்தைப் பார்த்தது சார்லஸ் பாண்ட் என்கிற விமானி என்று ஒரு தரப்பும், எரிக் ஷில்லிங் என்று இன்னொரு தரப்பும் உரிமை கொண்டாடுகின்றன. யாராக இருந்தாலும், சாக்குக்கட்டியால் கோடு போட்டு, உள்ளே பெயிண்ட் நிரப்பினார்கள். ஷெனால்ட் அதைக் குழு முழுவதற்கும் அடையாளமாக்கிவிட்டார். அச்சு வைத்து வரையாததால் ஒரு வாய் போல இன்னொன்று இல்லை. ஒன்றில் பற்கள் ஊசியாக இருக்கும், இன்னொன்றில் சோளப்பல். எண் மறைந்த பழைய புகைப்படங்களில் பல்லை வைத்தே இது இன்ன விமானம் என்று அடையாளம் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இவ்வளவு சுறா வரைந்த குழுவுக்குக் கடைசியில் நிலைத்த பெயர் பறக்கும் புலிகள். வாஷிங்டனில் இருந்த ஆதரவாளர்கள் வைத்த பெயர். வால்ட் டிஸ்னி நிறுவனத்து ஓவியர்கள் இறக்கை முளைத்த புலி ஒன்றை வரைந்து அனுப்பினார்கள். அதையும் விமானத்தின் உடம்பில் ஒட்டினார்கள். ஆக, மூக்கில் சுறா, விலாவில் புலி. சுறா வாய் வரைந்த விமானத்துக்குப் புலி என்ற பெயர் எப்படி வந்தது என்று தனக்கே தெரியாது என்ற பொருளில் ஷெனால்டே பின்னாளில் எழுதினார்.

1941 டிசம்பர் 20. ஹனோய் பக்கமிருந்து சீனாவின் குன்மிங் நகரத்தின்மேல் குண்டு போட வந்த பத்து ஜப்பானிய விமானங்களை இவர்கள் மறித்தார்கள். மூன்றோ நான்கோ விழுந்தன, மற்றவை திரும்பின. அதுவரை தடையில்லாமல் குண்டு வாங்கிக்கொண்டிருந்த ஊர் அது. பி-40 ஒன்றும் அபார விமானம் இல்லை. மேலே ஏறுவதில் மந்தம். ஜப்பானிய விமானத்தோடு வட்டமடித்துச் சண்டை போட்டால் சாவு நிச்சயம். ஆனால் கனமானது, உறுதியானது. மேலிருந்து பாய்ந்தால் அதைப் பிடிக்க முடியாது. ஷெனால்ட் சொல்லிக்கொடுத்தது அதைத்தான்: உயரத்திலிருந்து பாய், சுடு, நிற்காமல் ஓடிப்போ, மறுபடி ஏறி வா. வளைந்து சண்டை போடாதே.

இப்படிப் பாய்கிறபோது எதிரி அந்தப் பல்லைப் பார்த்திருப்பானா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். நேருக்கு நேர் இரண்டு விமானங்கள் மணிக்கு 500 கிலோமீட்டரில் வந்தால், ஒரு நொடியில் இடைவெளி 270 மீட்டருக்கு மேல் குறைகிறது. பல் தெரிகிற தூரத்துக்கு வந்த அடுத்த நொடி இருவரும் கடந்துபோயிருப்பார்கள். பின்னாலிருந்து பாய்ந்தாலோ எதிரிக்கு எதுவுமே தெரியாது. அப்படியானால் யாருக்காக வரைந்தார்கள்?

நம் ஊரில் கட்டி முடிக்காத வீட்டின் முன்னால் நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு திருஷ்டி பொம்மை நிற்கிறது. லாரியின் பின்னால் கொம்பு வைத்த அரக்கன் முகம். அதைப் பார்த்துப் பயந்தவர் என்று யாரையும் நான் கண்டதில்லை. வீட்டுக்காரருக்கும் டிரைவருக்கும் மாட்டிவைத்தால் ஒரு தைரியம். டவுங்கூவில் சாக்குக்கட்டியை எடுத்தவர்களும் இருபது இருபத்தைந்து வயதுப் பையன்கள். மறுநாள் விடியலில் அதே விமானத்தில் ஏறவேண்டியவர்கள்.

டிசம்பர் 23. ரங்கூன். ஜப்பானியர்களின் பெரிய பகல் தாக்குதல். மிங்கலடான் தளத்திலிருந்து இந்தச் சுறாக்களும், பிரிட்டிஷாரின் பஃபலோ விமானங்களும் எழுந்தன. ரங்கூன் அப்போது பாதிக்கு மேல் இந்தியர்கள் வாழ்ந்த ஊர்: தெலுங்கர்கள், தமிழர்கள், வங்காளிகள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், வட்டிக்கடை வைத்திருந்த செட்டியார்கள், குமாஸ்தாக்கள். விமானங்களைப் பார்க்க ஜனம் தெருவில் வந்து நின்றது. குண்டு வீச்சை அதற்கு முன் அவர்கள் பார்த்ததில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அன்று இறந்தார்கள். கிறிஸ்துமஸ் அன்று ஜப்பானியர்கள் மறுபடியும் வந்தார்கள். அதோடு ஊர் காலியாகத் தொடங்கியது. அடுத்த சில மாதங்களில் லட்சக்கணக்கான இந்தியர்கள் கப்பலிலும், பெரும்பாலும் காட்டு வழியாகக் கால்நடையிலும் ஊர் திரும்பினார்கள். வழியில் விழுந்தவர்களுக்குச் சரியான கணக்கில்லை.

என் அம்மாவின் பெரியம்மா அப்படி நடந்து வந்தவர். நான் பள்ளிக்கூடம் போகிற காலத்தில், அவர் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பர்மாக் கதை சொல்வார். சங்கு ஊதிய சத்தம், பள்ளத்துக்குள் ஓடியது, வழியில் பிரிந்துபோன தம்பி, அரிசி மூட்டையைவிடக் கனமாக இருந்த வெந்நீர்ப் பானையை விட்டுவிட்டு வந்தது. அந்தப் பானைக்காக அவர் தொண்ணூறு வயதிலும் வருத்தப்பட்டார். விமானங்களைப் பற்றி ஒரே வரிதான்: "வண்டு மாதிரி இரைச்சல்." எந்த விமானத்துக்குப் பல் இருந்தது, எது யாருடையது என்று அவருக்குத் தெரியாது. கீழே நின்றவர்களுக்கு எல்லாம் வண்டுதான்.

ரங்கூன் 1942 மார்ச்சில் விழுந்தது. தொண்டர் குழு சீனாவுக்குப் பின்வாங்கிப் பறந்து, ஜூலை 4ஆம் தேதி கலைக்கப்பட்டது. கணக்கில் எழுதிக்கொண்ட வெற்றி 297 விமானங்கள். ஜப்பானியப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்த வரலாற்றாசிரியர் டேனியல் ஃபோர்டு, உண்மையில் விழுந்தவை 115 அளவில் இருக்கும் என்றார். ஃபோர்டின் மேல் பழைய விமானிகளுக்கு வந்த கோபம் லேசானதல்ல. எனக்கு அந்த 115 போதும். நூறு விமானங்களை வைத்துக்கொண்டு, பின்வாங்கும் ஒரு போரில் அது பெரிய எண்.

மூக்கு ஓவியம் என்றதும் பெரும்பாலோர் நினைப்பது குண்டுவீச்சு விமானங்களில் வரைந்த பெண்களைத்தான். நான் அந்தப் பக்கம் அதிகம் போகவில்லை. ஆனால் ஒரு பெயரைத் தாண்டிப் போக முடியவில்லை. 1945 ஆகஸ்ட் 5ஆம் தேதி, ஒரு பி-29 விமானத்தின் மூக்கில் விமானி பால் டிபெட்ஸ் தன் தாயாரின் பெயரை எழுதவைத்தார். எனோலா கே. படம் எதுவும் இல்லை, வெறும் எழுத்து. மறுநாள் காலை அது ஹிரோஷிமாவுக்குப் போனது.

எழுத்து என்றதும் நம் பக்கத்து விஷயம் ஒன்று. போர்க்காலத்தில் ஒரு ஸ்பிட்ஃபயருக்கு 5,000 பவுண்டு என்று விலை வைத்து நன்கொடை திரட்டினார்கள். கொடுத்தவர் சொல்கிற பெயரை விமானத்தின் மூக்குப் பக்கம் எழுதுவார்கள். சென்னை மாகாணமும் நிறையக் கொடுத்தது. ஸ்பிட்ஃபயர் ஓட்டிய 234ஆம் ஸ்குவாட்ரனுக்கு 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்று பெயர் சேர்ந்தது அப்படித்தான். கோயிலில் டியூப்லைட் வாங்கிக் கொடுத்து உபயம் எழுதிவைக்கிற ஊர்க்காரர்களுக்கு இது ஒன்றும் புதிதாக இருந்திருக்காது.

இத்தனையும் படித்த பிறகு, அந்த அமெரிக்க விமானிகள் சுமந்த ஓவியங்களில் எனக்கு மிகவும் பிடித்தது மூக்கில் இருந்தது இல்லை, முதுகில் இருந்தது. அவர்களுடைய ஜாக்கெட்டின் முதுகில் ஒரு துணி தைத்திருக்கும். மேலே சீனக் கொடி, கீழே சீன எழுத்து. போரில் உதவ சீனாவுக்கு வந்த வெளிநாட்டவர் இவர், ராணுவத்தினரும் பொதுமக்களும் இவரைக் காப்பாற்றுங்கள் என்று பொருள். வயலில் விழுந்தவனுக்கு மொழி தெரியாது. மண்வெட்டியோடு ஓடிவரும் விவசாயிக்கு இவன் யாரென்று தெரியாது. திரும்பி நின்று முதுகைக் காட்ட வேண்டியதுதான். முன்னால் பல்லைக் காட்டிப் பறந்தவன், கீழே விழுந்தால் முதுகைக் காட்டிக் கும்பிட வேண்டும். இரண்டையும் ஒரே ஆள்தான் சுமந்தான்.

சுறா வாய் இன்னும் பறக்கிறது. தொண்டர் குழுவின் இடத்துக்கு வந்த 23ஆம் படைப்பிரிவு அந்தப் பற்களை விடவில்லை. அதன் வாரிசுகள் ஓட்டும் ஏ-10 ஜெட் விமானத்தின் மூக்கில், ஏழு குழல் பீரங்கியைச் சுற்றி இப்போதும் பல்வரிசை உண்டு. வியட்நாம் போரில் ஃபான்டம் விமானங்களுக்கும் வரைந்தார்கள். 1940இல் ஜெர்மானிய ஓவியர் யாரோ முதல் கோட்டைப் போட்டபோது இது இத்தனை கொடிகளுக்குக் கீழே போகும் என்று நினைத்திருக்க மாட்டார்.

என் விமானத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு டெக்காலின் மிச்சத்தையும் செல்லோடேப் வைத்து உரித்து எடுத்தேன். பென்சிலால் மெல்லிசாகக் கோடு போட்டேன். உள்ளே சிவப்பு, சுற்றி கறுப்பு, கடைசியில் வெள்ளைப் பற்கள், மூன்று முடி உள்ள பிரஷால். இடது பக்கம் முடிக்க ஒரு மணி நேரம். வலது பக்கம் வரும்போது கை தளர்ந்து வாய் கொஞ்சம் மேலே ஏறிவிட்டது. என் மகள் வந்து குனிந்து எண்ணிப் பார்த்தாள். இந்தப் பக்கம் பதினொன்று, அந்தப் பக்கம் ஒன்பது.

"ரெண்டு பல் கம்மியா இருக்குப்பா."

அழித்துவிட்டு மறுபடி வரையலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். பிரஷைத் தின்னரில் கழுவி வைத்துவிட்டேன்.